அவலூர்பேட்டை ஃபோல்டர்

புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் இரண்டு பேருக்கும் நான் ஏதாவது எழுதித் தர வேண்டும் என்று ஆஸ்பத்திரி நிர்வாகத்தில் கேட்டார்கள். எந்த வயர் எங்கே போகிறது, கரண்ட் போய் வந்தால் எதை முதலில் போட வேண்டும், பிரின்டர் அடம் பிடித்தால் எங்கே தட்ட வேண்டும், எல்லாம் பச்சை நோட்டில் இருக்கிறது. அதைப் படித்தாலே பாதி வேலை தெரிந்துவிடும். மீதிப் பாதியை நோட்டில் எழுதி வைக்க எனக்கு இத்தனை வருஷமாகத் தைரியம் வரவில்லை. ஓய்வு பெற்று ஏழு மாதம் ஆகிவிட்டது. இனிமேல் யார் என்னை என்ன செய்துவிடப் போகிறார்கள்?

முதலில் அந்த அறையைப் பற்றி. எக்ஸ்ரே அறைக்கும் மருந்துக் கிடங்குக்கும் நடுவில் இருக்கிற அந்தச் சின்ன அறையில் இருபத்திரண்டு வருஷம் நான் ஒருத்தியாகவே உட்கார்ந்திருந்தேன். ஜன்னலைத் திறந்தால் செஞ்சிக் கோட்டையின் ராஜகிரி மலை முழுசாகத் தெரியும். திறக்காதீர்கள், குரங்கு வரும். ஒரு தடவை மவுஸைத் தூக்கிக்கொண்டு ஓடப் பார்த்தது. வயர் விடவில்லை, அதனால் மவுஸ் தப்பித்தது. உங்கள் பெயரையும் இங்கே யாரும் கேட்க மாட்டார்கள். 'கம்ப்யூட்டர் மேடம்', 'கம்ப்யூட்டர் சார்', அவ்வளவுதான். எதுவாவது நின்றுபோனால் நாலு பேர் வந்து கதவில் நிற்பார்கள். எல்லாம் ஒழுங்காக ஓடினால் வாரக்கணக்கில் ஒருத்தரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள். நம் வேலை நன்றாக நடப்பதற்கு அடையாளமே யாரும் வராததுதான்.

எனக்கு அது பழகிவிட்டது என்று சொல்லிக்கொண்டிருந்தேன். பொய். அம்மா இருந்தவரை சாயங்காலம் தொண்டூருக்குப் போனால் திட்டுவதற்காவது ஒரு ஆள் இருந்தது. அம்மா போன பிறகு செஞ்சியிலேயே ஒரு மாடி அறை எடுத்துக்கொண்டேன். கல்யாணம் ஏன் ஆகவில்லை என்பது வேறு கதை, அதை உங்களுக்கு எழுதித் தரும்படி நிர்வாகம் கேட்கவில்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆஸ்பத்திரி வாட்ச்மேனிடம் "வரேன்ப்பா" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினால், சனிக்கிழமை லீவாக இருக்கும் வாரங்களில் திங்கட்கிழமை காலையில் அதே வாட்ச்மேனிடம்தான் அடுத்து வாயைத் திறப்பேன்.

தனியாக வேலை செய்கிறவர்களுக்கு ஒரு வியாதி வரும். கேட்பதற்கு ஆள் இல்லாததால் கேட்காமல் இருக்க ஆரம்பிப்போம். பிறகு கேட்பதற்கு ஆள் வந்தாலும் வாய் வராது. எனக்கு வந்தது அந்த வியாதிதான். நான் சொல்லப் போகிற கதையும் அதைப் பற்றித்தான். கம்ப்யூட்டர் இதில் பாவம், சொன்னதைச் செய்தது.

நம் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே படங்களை ஊர் ஊராக வைத்திருக்கிறோம் என்பதைக் கவனித்திருப்பீர்கள். வெளியிலிருந்து வருகிறவர்கள் இதைப் பார்த்துச் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். கவுன்ட்டரில் நின்று 'ஏழுமலை' என்று கூப்பிட்டால் பத்துப் பேர் எழுந்து வருவார்கள். நம்பர் எழுதின சீட்டை ஒருத்தரும் பத்திரமாக வைத்திருக்க மாட்டார்கள். ஊரை மட்டும் யாரும் மறக்க மாட்டார்கள். அதனால் பேப்பர் காலத்திலேயே ஊருக்கு ஒரு நோட்டு, நோட்டுக்குள் வரிசை எண் என்று இருந்தது. கம்ப்யூட்டர் வந்ததும் நான் அப்படியே ஊருக்கு ஒரு ஃபோல்டர் போட்டேன். அதற்குள் ஒன்று, இரண்டு என்று ஆளுக்கு ஒரு எண் ஃபோல்டர். அதற்குள் படமும், ஆளின் பெயர் எழுதிய ஒரு சின்ன ஃபைலும். அப்போதிருந்த பழைய எக்ஸ்ரே மெஷின் எடுக்கும் படத்துக்குள் பெயர் வராது. பெயர் வெளியே அந்தச் சின்ன ஃபைலில்தான்.

ஒரு நாள் டிஸ்க் நிறைந்துகொண்டு வந்தது. பிறகு மொத்தமாக வேறு டிஸ்க்குக்கு மாற்ற வசதியாக, பழைய வருஷத்துப் படங்கள் இருக்கிற ஊர் ஃபோல்டர்களை முதலில் 'பழசு' என்று ஒரு ஃபோல்டருக்குள் தள்ளிவிட்டு, இனி வருகிற படங்களுக்குப் புது ஃபோல்டர் போடலாம் என்று முடிவு செய்தேன். கையால் இழுத்துப் போட்டால் நாள் பூராவும் ஆகும். ஒரே வரியில் ஒரு கமாண்ட் எழுதினேன். இங்கே இருக்கிற ஊர் ஃபோல்டர்களை ஒவ்வொன்றாக எடு, உள்ளே இருப்பதோடு 'பழசு'க்குக் கொண்டுபோய் வை. எழுதி முடித்ததும் எனக்கே என் மேல் பெருமையாக இருந்தது. காட்டுவதற்குத்தான் ஆள் இல்லை. என்டரைத் தட்டினேன். ஒரு விநாடிகூட ஆகவில்லை, முடிந்துவிட்டது. பிழைச் செய்தி எதுவும் வரவில்லை.

'பழசு' என்ற ஃபோல்டரை நான் முன்கூட்டி உருவாக்கவில்லை. அதுதான் நடந்தது.

புரியவில்லையா? ஒரு ஆளிடம் நாற்பது மூட்டையைக் காட்டி, எல்லாவற்றையும் பழைய அறையில் போடு என்கிறீர்கள். அப்படி ஒரு அறையே கிடையாது. நல்ல ஆளாக இருந்தால் வந்து கேட்பான். கமாண்ட் கேட்காது. முதல் மூட்டையின் மேலிருந்த பெயரை அழித்துவிட்டு 'பழைய அறை' என்று எழுதிவிட்டது. மீதி முப்பத்தொன்பது மூட்டையையும் ஒழுங்காக அதற்குள் அடுக்கியது. கணக்குப்படி எல்லாம் சரி. முதல் மூட்டைக்கு மட்டும் பெயர் போய்விட்டது. அதற்குள் இருந்த சாமான் மற்ற மூட்டைகளுக்கு நடுவில் சிதறிக் கிடந்தது.

என் ஊர் ஃபோல்டர்களில் ஆங்கில அகர வரிசைப்படி முதலில் இருந்தது அவலூர்பேட்டை.

நான் 'பழசு' ஃபோல்டரைத் திறந்து பார்த்தேன். பார்க்கவில்லை என்று சொல்ல மாட்டேன். சிங்கவரம் இருக்கிறதா, இருக்கிறது. தொண்டூர் இருக்கிறதா, இருக்கிறது. சொந்த ஊரைப் பார்த்ததும் மனசு நிறைந்துவிட்டது. ஊர்ப் பெயர்களுக்கு நடுவில் வெறும் எண் போட்ட ஃபோல்டர்கள் நிறையக் கிடந்தன. அவை அவலூர்பேட்டைக்காரர்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. எக்ஸ்ரே மெஷினுக்கு அப்போது ஒரு கெட்ட பழக்கம் உண்டு. எடுத்த படத்துக்கு ஒரு நகலை எண் போட்ட ஃபோல்டரில் கண்ட இடத்தில் விட்டுவிட்டுப் போகும். அதையெல்லாம் வாரி 'குப்பை' என்ற இடத்தில் கொட்ட நான் ஏற்கனவே நாலு கமாண்டைக் கோத்து ஒரு ஸ்கிரிப்ட் வைத்திருந்தேன். இந்தச் சனியன் இங்கேயும் வந்துவிட்டதா என்று சொல்லிக்கொண்டே அதையும் ஓட்டினேன். குப்பையில் ஏற்கனவே அதே எண்ணில் ஒரு ஃபோல்டர் இருந்தால், இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துவிடும்படி எழுதியிருந்தேன். குப்பைதானே, சேர்ந்தால் என்ன என்று.

பேக்கப் இல்லையா என்று கேட்பீர்கள். இருந்தது. முதல் டிஸ்க் எப்படி இருக்கிறதோ அப்படியே இரண்டாவது டிஸ்க்கையும் ஆக்கிவிடும். அந்த வாரக் கடைசியில் என் தப்பையும் ஒரு எழுத்து பிசகாமல் நகல் எடுத்து வைத்தது.

ஒரு மாதம் கழித்து, ஒரு சனிக்கிழமை மதியம், டாக்டரம்மா போன் செய்தார்கள். "அவலூர்பேட்டை, நூத்தி பன்னெண்டு, ஏழுமலை. ரெண்டு வருஷம் முன்னாடி விலா வலின்னு ஒரு படம் எடுத்திருக்கோம். அது உடனே வேணும்" என்றார்கள்.

'பழசு' ஃபோல்டரில் தேடினேன். அவலூர்பேட்டையே இல்லை. மேலிருந்து கீழே, கீழிருந்து மேலே. ஒரு முழு ஊரையே காணோம். என்ன நடந்திருக்கும் என்பது அடுத்த நிமிஷமே எனக்குப் புரிந்துவிட்டது. குப்பையைத் திறந்தேன். நூற்றுப் பன்னிரண்டு இருந்தது. ஏழுமலை என்று எழுதிய பெயர் ஃபைல் ஒன்று. நெஞ்சுப் படம் இரண்டு. ஒன்று அவருடையது. இன்னொன்று மெஷின் எப்போதோ விட்டுவிட்டுப் போன வேறு யாருடையதோ. தேதியைப் பார்க்கலாம் என்றால், கரண்ட் போய் வரும்போதெல்லாம் அந்த மெஷினின் கடிகாரம் இஷ்டத்துக்கு ஒரு தேதிக்குப் போய்விடும். அதை நம்பி எதுவும் சொல்ல முடியாது.

டாக்டரம்மாவே அறைக்கு வந்துவிட்டார்கள். இரண்டு படத்தையும் திரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். ஒன்றில் வலது நுரையீரலின் மேல்பக்கம் ஒரு வெள்ளைப் புள்ளி. இன்னொன்றில் அந்த இடம் சுத்தமாக இருந்தது.

"இன்னிக்கு எடுத்த படத்துலயும் இதே இடத்துல புள்ளி இருக்கு" என்றார்கள். "ரெண்டு வருஷம் முன்னாடியே இது இருந்ததுன்னா, அளவும் மாறலன்னா, பழைய தழும்பு. விட்டுடலாம். அப்போ இல்லாம இப்போ வந்திருந்தா விட முடியாது. ஆபரேஷன் பண்ணி எடுத்துப் பார்க்கணும். இதுல எது அவரோடது?"

வாசலில் ஏழுமலை நின்றுகொண்டிருந்தார். ஐம்பத்தெட்டு வயசு, ஒல்லியான ஆள். அவலூர்பேட்டை மண்டியில் மணிலாக் கடலை மூட்டைக்கு வாய் தைக்கிறவர். தோளில் துண்டு, விரல் நுனியெல்லாம் கோணி ஊசி குத்தின கறுப்பு. "இன்னா மேடம், பழைய படம் கெடச்சுதா?" என்று உள்ளே எட்டிப் பார்த்துக் கேட்டார்.

புள்ளி இருக்கிற படத்தைக் காட்டி இதுதான் என்று சொல்லிவிட்டால் எல்லோருக்கும் சந்தோஷம். அவர் அடுத்த பஸ்ஸில் ஊருக்குப் போய்விடுவார். நானும் தப்பித்துவிடுவேன். நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. அது அவருடையதாக இல்லாவிட்டால்? உள்ளே வளர்கிற ஒன்றோடு அந்த மனுஷனை நான் மூட்டை தைக்க அனுப்பிவைத்தவள் ஆவேன்.

"தெரியல மேடம்" என்றேன்.

"தெரியலன்னா?"

"சிஸ்டம்ல கலந்துடுச்சு மேடம்."

கலந்துடுச்சு. பாலில் தண்ணீர் தானாகவே நடந்துபோய்க் கலந்துகொண்ட மாதிரி. நான் கலந்துவிட்டேன் என்று சொல்லவில்லை. எப்படிக் கலந்தது என்றும் சொல்லவில்லை. நீங்கள் இரண்டு பேரும் இந்த இடத்தை நன்றாகப் படியுங்கள். தெரியாது என்று சொன்னேனே, அது சரி. என் வேலைக்காலத்தில் நான் செய்த சரியான காரியங்களில் அது ஒன்று. ஏன் தெரியவில்லை என்பதை விழுங்கினேனே, அதுதான் தப்பு. இரண்டும் ஒரே மூச்சில் நடந்தது.

டாக்டரம்மா பெருமூச்சு விட்டார்கள். "அப்போ வேற வழியில்ல. புதுச்சேரி பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதித் தரேன்" என்று சொல்லிவிட்டு ஏழுமலையைப் பார்த்தார்கள். "கூட யாருங்க வருவாங்க? ஒரு வாரம் தங்க வேண்டியிருக்கும்."

"யாருமில்ல மேடம். வீட்டுக்காரி போயி நாலு வருஷம் ஆவுது. பொண்ணு திருப்பூர்ல இருக்குது, கைக்கொழந்தக்காரி. நானே போயிட்டு வந்துடறேன்."

"ஆள் இல்லாம சேர்க்க மாட்டாங்களே."

அவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். சொல்லிக்கொள்ள ஆள் இல்லை என்பதை நாலு பேர் முன்னால் சொல்ல வேண்டிவந்தால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். "நான் போறேன் மேடம். எனக்கு லீவு நெறைய இருக்கு" என்றேன். டாக்டரம்மா என்னை ஆச்சரியமாகப் பார்த்தார்கள். ஏழுமலை கையெடுத்துக் கும்பிட்டார். அந்தக் கும்பிடு இன்னும் என்னை விடவில்லை.

புதுச்சேரி பஸ்ஸில் பேசிக்கொண்டே வந்தார். மூட்டை வாயைத் தைப்பதில் என்ன இருக்கிறது என்று நினைத்திருந்தேன். முதல் தையலுக்கு முன்னால் சணல் முனையில் முடிச்சு போட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டுமாம். முடிச்சில்லாமல் தைத்தால் பார்க்க நன்றாகத்தான் இருக்குமாம், லாரியில் ஏற்றித் தூக்கும்போது மொத்தமாக உருவிக்கொண்டு வருமாம். "மொதல்லயே பாத்துடணும்மா. அப்பால பாத்து இன்னா பிரயோஜனம்?" என்றார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு ஃபாரம் நீட்டினார்கள். நோயாளிக்கு என்ன உறவு என்று ஒரு கட்டம். நான் பேனாவை வைத்துக்கொண்டு யோசிப்பதைப் பார்த்துவிட்டு, "தங்கச்சின்னு போட்டுக்க சார்" என்று அவரே கவுன்ட்டர்காரரிடம் சொன்னார். அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

ஊசியால் எடுத்துப் பார்க்க முடியாத இடம் என்று சொல்லி, திறந்து ஒரு துண்டை எடுத்தார்கள். வார்டில் ஆறு நாள் கூட இருந்தேன். கஞ்சி வாங்கி வருவேன். முதுகைப் பிடித்து எழுப்பி உட்கார வைப்பேன். இருமல் வந்தால் தையல் வலிக்காமலிருக்கத் தலையணையை நெஞ்சில் அழுத்திப் பிடித்துக்கொள்வேன். பக்கத்துக் கட்டில்காரரிடம், "கூடப் பொறந்ததுகூட இப்பிடிப் பாக்காதுப்பா" என்று சொல்லிக்கொண்டிருந்தார். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு அந்த ஆறு நாளும் சந்தோஷமாக இருந்தது. காலையில் எழுந்ததும் என்னைத் தேடுகிற ஒரு கண் இருந்தது. அதே நேரம் சோறு இறங்கவில்லை. இரண்டும் உண்மை.

முடிவு வந்தது. பழைய தழும்பு. எப்போதோ வந்து தானாக ஆறிப்போனது. ஒன்றுமில்லை, வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். அவர் அழுதார். நானும் அழுதேன், என் அழுகைக்கு வேறு காரணம்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் காலை பத்து மணிக்குப் போன் வரும். "சாப்டியாம்மா?" என்பார். "ஆச்சுண்ணா. நீங்க?" என்பேன். "ஆச்சு ஆச்சு. இன்னா டிபனு?" என்பார். அதற்காகவே ஞாயிற்றுக்கிழமைகளில் தோசை ஊற்ற ஆரம்பித்தேன். காப்பியும் பிஸ்கட்டும் சாப்பிட்டேன் என்று சொன்னால் திட்டுவார் அல்லவா. அறுத்த பக்கத்து வலது கை தோளுக்கு மேலே தூக்க வரவில்லை என்று ஒரு வாரம் சொன்னார். சரியாகிவிடும் என்றேன். இரண்டு மாதம் கழித்து, தையல் வேலையை விட்டுவிட்டு மண்டி வாசலில் காவலுக்கு உட்கார்ந்திருப்பதாகச் சொன்னார். "உக்காந்த எடத்துல வேல, ராஜா மாதிரி" என்று சிரித்தார்.

குப்பையில் கலந்து கிடந்த படங்களைச் சரி செய்ய முடியுமா என்று நான் தினமும் ரகசியமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு மதியம் எக்ஸ்ரே எடுக்கும் சேகர் ஒரு கேபிள் கேட்டு உள்ளே வந்தார். பதினைந்து வருஷமாகப் பக்கத்து அறையில் இருக்கிறவர். திரையில் ஏழுமலையின் எண்ணில் இருந்த இரண்டு படமும் திறந்திருந்தது.

"இன்னா மேடம், மெஷின் போட்ட குப்பையும் நான் சேவ் பண்ணதும் ஒண்ணாக் கெடக்குது?"

நான் நாற்காலியைத் திருப்பினேன். "எது எதுன்னு உங்களுக்கு எப்படித் தெரியுது?"

"ஓரத்தப் பாருங்க. நான் சேவ் பண்ணா சுத்தி இருக்குற வெள்ள ஓரத்த வெட்டிட்டுத்தான் பண்ணுவேன். மெஷின் தானா வுட்டுட்டுப் போறதுல ஓரம் அப்பிடியே இருக்கும். இது என்னுது, அது குப்ப. கேபிள் எங்க மேடம்?"

தன்னுடையது என்று அவர் காட்டியது புள்ளி இருந்த படத்தை.

அந்தச் சனிக்கிழமை மதியம் சேகர் பக்கத்து அறையில்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தயிர் சாதம், மிளகாய் வறுவல். வாசனைகூட வந்தது. ஏன்ப்பா சேகர், நான் ஒரு தப்பு பண்ணிட்டேன், ரெண்டு படம் கலந்துபோச்சு, கொஞ்சம் வந்து பாரேன் என்று கூப்பிட்டிருந்தால் கையைக் கழுவிக்கொண்டு வந்து ஒரு நிமிஷத்தில் சொல்லியிருப்பார். சிஸ்டம் கலந்துவிட்டது என்று சொன்ன பிறகு, அடுத்த அறையில் போய் யாரிடம் என்ன கேட்பது? கமாண்டால் ஒரு ஃபோல்டரின் பெயர் போனது. ஏழுமலையின் நெஞ்சைத் திறந்தது என் வாய்.

டாக்டரம்மாவிடம் அன்றைக்கே போய்ச் சொன்னேன். "இனிமே இப்படிப் பண்ணாதீங்க" என்று மட்டும் சொன்னார்கள். நிர்வாகத்தில், அறிக்கையில் 'சிஸ்டம் ப்ராப்ளம்' என்று எழுதிவிடுங்கள், போதும் என்றார்கள். நான் என் பெயரைப் போட்டு, நான் செய்தேன் என்றே எழுதிக் கொடுத்தேன். அதை யாரும் படித்ததாகத் தெரியவில்லை. சேகரோடு உட்கார்ந்து, வெள்ளை ஓரத்தை வைத்தே மூன்று வாரத்தில் அவலூர்பேட்டை முழுவதையும் திரும்பக் கட்டிவிட்டேன். அது நம் வேலை, அதைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை.

ஏழுமலையிடம் சொல்ல வேண்டியது பாக்கி இருந்தது. சொல்லாமலே விட்டிருக்கலாம். ஞாயிற்றுக்கிழமை பத்து மணி எனக்கு அவ்வளவு வேண்டியிருந்தது. அதனால் இரண்டு மாதம் தள்ளிப்போட்டேன். பொங்கலுக்கு முந்தின வாரம் ஒரு பை நிறைய மணிலாவோடு ஆஸ்பத்திரிக்கு வந்தார். கவுன்ட்டரில் இருந்தவர்களை எல்லாம் கூப்பிட்டு, "இந்தம்மா இல்லன்னா நான் இல்ல" என்றார். எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் கூடப் போனேன். டீ வாங்கிக் கொடுத்தேன். உட்கார வைத்து, எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். ஃபோல்டர், குப்பை, வெள்ளை ஓரம் எல்லாம் அவருக்கு எவ்வளவு புரிந்ததோ தெரியாது. புரிய வேண்டியது புரிந்தது.

"அப்போ அறுத்திருக்க வேண்டியதே இல்லியா?"

"இல்லண்ணா."

வலது தோளை இடது கையால் பிடித்துக்கொண்டார். "எப்போ தெரியும் உனக்கு?"

"கலந்தது என்னாலதான்னு அன்னிக்கே தெரியும்ணா. படம் எதுன்னு அப்புறம்தான் தெரிஞ்சுது."

"பஸ்ல போவும்போதே தெரியும்?"

"தெரியும்."

"ஆஸ்பத்திரில கூட இருந்தப்போ?"

"தெரியும்ணா."

அதற்குமேல் அவர் எதுவும் கேட்கவில்லை. திட்டவும் இல்லை. திட்டியிருந்தால் தேவலை. டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து, அவலூர்பேட்டை பஸ் நிற்கிற பக்கம் போனார். தோள் போனதைவிட, தெரிந்துகொண்டே ஆறு நாள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன் என்பதுதான் அவருக்கு வலித்தது என்று நினைக்கிறேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை தோசை ஊற்றி வைத்துக்கொண்டு காத்திருந்தேன். பத்து மணி ஆனது. பதினொன்று ஆனது.

உங்களுக்கு நான் சொல்ல வந்தது மூன்றே விஷயம். எதை நகர்த்தினாலும் போய்ச் சேரும் இடம் முதலில் இருக்கிறதா என்று பாருங்கள், ஒரு வரி அதிகம் எழுதினால் கை தேய்ந்துவிடாது. தப்பு செய்தால் அன்றைக்கே, அந்த நிமிஷமே, 'நான்' என்று ஆரம்பித்துச் சொல்லுங்கள். அப்புறம், நீங்கள் இரண்டு பேர் இருக்கிறீர்கள். துணைக்கு ஒரு ஆள் வேண்டும் என்று நான் கேட்டுக் கேட்டு, நான் போன பிறகுதான் கொடுத்திருக்கிறார்கள். ஒருத்தரை ஒருத்தர் கேளுங்கள். பக்கத்து அறையில் சேகர் இன்னும் இருக்கிறார்.

நான் ஓய்வு பெறுவதற்கு முந்தின மாதம் ஏழுமலை வருஷப் பரிசோதனைக்கு வந்திருந்தார். என் அறையின் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். இப்போதெல்லாம் யாருக்கும் ஃபிலிம் போட்டுத் தருவதில்லை. அவர் கேட்டு வாங்கிக்கொண்டிருந்தார்.

"கம்ப்யூட்டர்லயே பத்திரமா இருக்கும்ணா" என்று சேகர் சொல்வது கேட்டது.

"வேணாம்பா. ஏங்கிட்டயே இருக்கட்டும்."

ஃபிலிமை ஒரு மஞ்சப்பைக்குள் வைத்து, இடது கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். பைக்குள் பழைய வருஷத்துப் படங்களும் இருந்தன. அவர் செய்தது சரிதான், நானாக இருந்தாலும் அதைத்தான் செய்வேன். திரும்பும்போது என்னைப் பார்த்துவிட்டார். நான் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தேன்.

"சாப்டீங்களாண்ணா?" என்றேன்.

"ஆச்சு" என்றார்.

நம் பக்கத்தில் சாப்டியா என்று கேட்டால், பதில் சொல்லிவிட்டு, நீ சாப்டியா என்று திருப்பிக் கேட்பார்கள். எதிரியாக இருந்தாலும் கேட்பார்கள். நான் நின்றுகொண்டிருந்தேன். அவர் பையைச் சரியாக இடுக்கிக்கொண்டு படியிறங்கிப் போனார். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதோ என்னவோ.